2147483647: ஒரு பெரிய பகா எண்ணோடு பழகுவது எப்படி?

பல வருடங்களுக்கு முன்பு ஒரு சிறு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். பெயர், ஊர், கைப்பேசி எண், அவ்வளவுதான். மறுநாள் திறந்து பார்த்தால் அத்தனை பேருக்கும் ஒரே கைப்பேசி எண்: 2147483647. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தவறு என்னுடையது. கைப்பேசி எண்ணை எழுத்தாகச் சேமிக்காமல் முழு எண்ணாகச் சேமிக்கச் சொல்லியிருந்தேன். அந்த வகைக் கட்டத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. நம் ஊர்க் கைப்பேசி எண்களோ 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள். எல்லாமே அதைத் தாண்டியவை. தாண்டியதையெல்லாம் விளிம்பிலேயே வெட்டி நிறுத்திவிட்டது தரவுத்தளம்.

பட்டியலைத் திருத்தியபிறகும் அந்த எண் மனதைவிட்டுப் போகவில்லை. தேடிப் பார்த்தபோது அது ஒரு பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண், என்று தெரிந்தது. (இலங்கையில் படித்தவர்கள் முதன்மை எண் என்பார்கள்.) அதுவும் சாதாரணப் பகா எண் இல்லை. 1772-இல் கணித மேதை ஆய்லர் அதைப் பகா எண் என்று நிறுவியதிலிருந்து 1867 வரை, மனிதருக்குத் தெரிந்த பகா எண்களில் மிகப் பெரியது அதுதான்.

இந்தக் கட்டுரை கணிதம் படிக்காதவர்களுக்கானது. காகிதம், பென்சில், கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் மூன்றும் போதும். பெரிய பகா எண் என்றாலே நாலு கோடி இலக்க உலக சாதனைக்குப் போய்விடுகிறார்கள். அதை யாராலும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பத்து இலக்க எண்ணை முடியும். அதோடு, இங்கே கற்கும் வித்தை அங்கேயும் அப்படியே செல்லும்.

முதல் படி: எண்ணை விட்டுவிட்டு அதன் வடிவத்தைப் பிடியுங்கள்

2147483647 என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. 2-ஐ 31 முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள்: 2³¹ − 1. கால்குலேட்டரில் 2 × 2 × 2 என்று தட்டிக்கொண்டே போய் 2147483648 வந்ததும் நிறுத்தலாம். ஒருமுறையாவது இதைக் கையால் செய்யுங்கள். 1024, 65536, 1048576 என்று வழியில் வரும் முகங்கள் பின்னால் உதவும்.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கேட்டவன் கதை எல்லோருக்கும் தெரியும். 31-வது கட்டத்தோடு நிறுத்தி மொத்த நெல்லையும் எண்ணினால் சரியாக 2147483647 வரும். இரும எண் முறையில் எழுதினால் 31 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியும் கிடையாது. கணினிக்கு 32 இடங்கள் உள்ள கட்டத்தில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மிச்சம் 31 இடம். அத்தனையிலும் ஒன்று நிரம்பினால் நம் எண். என் பட்டியலில் நடந்தது அதுதான். 2014 டிசம்பரில் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டின் பார்வைகள் இந்த எண்ணைத் தாண்டப்போய், எண்ணும் கட்டத்தை 64 இடமாக விரிக்க வேண்டி வந்ததும் இதனால்தான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, இதே கட்டம் நிரம்பும்.

2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. 1644-இல் எந்தெந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார். 31 அதில் சரி. 67, 257 தவறு. 61, 89, 107 விட்டுப்போயின. இந்தத் தவறுகளைக் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுக்கும் மேல் ஆனது என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாம் படி: அடுக்கைப் பாருங்கள்

அடுக்கு பகு எண் என்றால் கதை அங்கேயே முடிந்தது. 2⁶ − 1 என்பது இரும முறையில் 111111. அதை 111, 111 என்று இரண்டு துண்டாக உடைக்கலாம், ஆகவே 111-ஆல் வகுபடும். அதாவது 63 என்பது 7 × 9. ஆறு ஒன்றுகளை மும்மூன்றாகவோ இரண்டிரண்டாகவோ சமமாகப் பிரிக்க முடிந்ததால் வந்த வினை. 31 ஒன்றுகளை அப்படிச் சமமாகப் பிரிக்க வழியில்லை, ஏனென்றால் 31 தானே பகா எண்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறாமல் வழுக்கி விழுகிறார்கள். அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண் என்று எழுதிவிடுவார்கள். 11 பகா எண். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது நுழைவுச்சீட்டு மட்டும், உள்ளே போனபிறகு தனிச் சோதனை உண்டு.

மூன்றாம் படி: எதை வகுத்துப் பார்க்க வேண்டும் என்று முதலில் குறையுங்கள்

ஓர் எண்ணுக்குக் காரணி இருந்தால் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் இருக்கும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது தவறான வழி இல்லை, வேலைதான் அதிகம். ஆய்லர் அந்த வேலையைக் கிட்டத்தட்ட அறுபதில் ஒரு பங்காக்கினார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், வயது 65-ஐ ஒட்டி, பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டிருந்தது. அவர் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருடன் என்று கூப்பிடுவோம். திருடனால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று அடுக்குகளை வரிசையாகத் திருடனால் வகுத்து மீதிகளை மட்டும் எழுதினால், 31-வது இடத்தில் 1 வந்து, மறுபடி 2, 4, 8 என்று சுற்று தொடங்கும். 31 பகா எண் என்பதால் இதைவிடச் சின்னச் சுற்று அதற்குள் ஒளிந்திருக்க முடியாது. ஃபெர்மாவின் சிறு தேற்றம் இன்னொன்று சொல்கிறது: திருடனில் ஒன்றைக் குறைத்து, 2-ஐ அத்தனை அடுக்கு ஏற்றினாலும் மீதி 1 வரும். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் 'திருடன் கழித்தல் 1' 31-இன் மடங்காக இருக்க வேண்டும். திருடன் ஒற்றை எண் என்பதால் 62-இன் மடங்காகவும் இருக்கும். 63, 125, 187 என்று 62 இடைவெளியில் நிற்பவர்களை விசாரித்தால் போதும்.

இன்னும் ஒரு சல்லடை உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது திருடனால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் பகா எண்களில் மட்டுமே இது நடக்கும். இதற்கான நிரூபணத்தை இப்போதைக்கு நம்பிக்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சல்லடையையும் சேர்த்தால் 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வரும் எண்கள் மட்டுமே தேறும்.

சரி, எழுதிப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489... வர்க்கமூலம் வரை மொத்தம் 373 எண்கள். இதிலும் பகு எண்களை அடித்துவிடலாம். 63 போகும், 249 = 3 × 83 போகும், 311 நிற்கும், 497 = 7 × 71 போகும். முதல் பன்னிரண்டில் தேறுவது 311, 1303, 1489 மூன்று மட்டும். இப்படியே கடைசி வரை போனால் 80 சொச்சம் பகா எண்கள் மிஞ்சும். 4,800 எங்கே, 80 எங்கே!

கால்குலேட்டரில் மீதி கண்டுபிடிக்கும் முறை தெரியாதவர்களுக்காக: 2147483647 ÷ 311 தட்டினால் 6905092.11 என்று வரும். புள்ளிக்கு முன்னால் உள்ளதை 311-ஆல் பெருக்கினால் 2147483612. கழித்தால் 35. மீதி இருக்கிறது, ஆகவே 311 திருடன் இல்லை. 1303-க்கு மீதி 226, 1489-க்கு 199. மீதமுள்ள எண்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம். நான் முடித்தேன். நடுவில் ஒரே ஒரு முறை மீதி சுழி வந்து பதறிப்போனேன், பிறகு பார்த்தால் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டுத் தட்டியிருக்கிறேன்.

நான்காம் படி: வகுக்காமலே சோதியுங்கள்

ஆய்லரின் வழி பத்து இலக்கத்துக்குச் சரி. நாற்பது இலக்கத்துக்கு அது உதவாது. 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் வேறொரு வழி கண்டார். 1930-இல் அமெரிக்கக் கணிதர் லேமர் அதைத் திருத்தமாக்கினார். செய்முறை மூன்று வரிதான். 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் சுழி வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

முதலில் 127-இல் பழகுங்கள். அது 2⁷ − 1, ஆகவே ஐந்து தடவை. 4-இலிருந்து 14, பிறகு 194, அதன் மீதி 67. 67-இன் வர்க்கத்தில் 2 குறைத்தால் 4487, மீதி 42. அடுத்து 1762, மீதி 111. அடுத்து 12319, அது சரியாக 97 × 127. மீதி சுழி. முடிந்தது.

127-ஆல் வகுக்கக்கூட வேண்டியதில்லை. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே தந்திரம்தான். 128-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். 4487-ஐ 128-ஆல் வகுத்தால் ஈவு 35, மீதி 7, கூட்டினால் 42. இரும எண்ணில் இது வகுத்தலே இல்லை. நீளமான எண்ணை இரண்டாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்று வைத்துக் கூட்டுவதுதான். மெர்சென் எண்களே பெரும்பாலும் சாதனைப் பட்டியலில் முதலில் நிற்பதற்குக் காரணம் இந்தச் சலுகை. அவ்வளவு பெரிய வேறு வடிவ எண்களில் பெரும்பாலானவற்றைச் சோதிக்க இப்படி ஒரு குறுக்குவழி வாய்ப்பதில்லை.

அப்புறம் 2047-ஐயும் செய்து பாருங்கள். ஒன்பது தடவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. சுழி இல்லை, ஆகவே பகு எண். கவனியுங்கள், 23-உம் 89-உம் எங்கேயும் தலைகாட்டவில்லை. காரணி இருக்கிறது என்று சோதனை சொல்லும், எது என்று சொல்லாது.

நம் எண்ணுக்கு 29 தடவை. 14, 194, 37634, 1416317954, 669670838 என்று போகும். இங்கே ஓர் எச்சரிக்கை: பத்து இலக்க எண்ணை வர்க்கப்படுத்தினால் பத்தொன்பது இலக்கம் வரை வரும். பல கைப்பேசிக் கால்குலேட்டர்கள் கடைசி இலக்கங்களை விழுங்கிவிட்டு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அதை நம்பினால் சுழி வரவே வராது. பைத்தான் மொழியில் முழு எண்களுக்கு இலக்க வரம்பு இல்லை, அதில் நான்கு வரியில் எழுதிவிடலாம்.

ஓடவிட்டால் கடைசிக்கு முந்தைய விடையை மட்டும் நின்று பாருங்கள். அது 65536 ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் நம் எண்ணிலிருந்து 65536 குறைந்ததாக இருக்க வேண்டும். வேறு எதுவும் வர இயலாது. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் சுழி வருகிறது என்றால் அது 2-இன் வர்க்கமூலம். 65536 என்பது 2¹⁶, அதன் வர்க்கம் 2³², அதன் மீதி 2. பகா எண் உலகத்தில் வர்க்கமூலம் இரண்டுக்கு மேல் இருக்காது. திருடனைப் பிடிக்க ஆய்லர் வைத்த அதே 2³² இங்கே மறுபடி வருகிறது. 127-இல் கடைசிக்கு முன் வந்த 111-ஐயும் பாருங்கள், அது 127 − 16.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்தை விசாரியுங்கள்

பகா எண் என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அதன் சுற்றுவட்டாரத்தில் நிறைய விஷயம் இருக்கிறது.

மேலே ஒன்று கூட்டினால் 2³¹, 2-ஐத் தவிர வேறு காரணியே இல்லை. கீழே ஒன்று குறைத்தால் 2147483646 = 2 × 9 × 7 × 11 × 31 × 151 × 331, சந்தைபோல் கூட்டம். இரட்டைப் பகா எண்ணா என்றால் இல்லை. இரண்டு குறைத்தால் 5-இல் முடியும், இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடும். உண்மையான அண்டை வீட்டுப் பகா எண்கள் கீழே 2147483629, மேலே 2147483659. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால், இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுதவே முடியாது.

யூக்ளிட் காலத்திலிருந்தே தெரிந்த ஓர் உறவும் உண்டு. மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் கூடவே ஒரு செவ்விய எண் கிடைக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த தன் மற்றக் காரணிகளின் கூட்டலே தானாக இருக்கும் எண். 3-லிருந்து 6, 7-லிருந்து 28, 31-லிருந்து 496. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128, எட்டாவது செவ்விய எண். 1811-இல் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வெறும் வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று எழுதினார். வேடிக்கைக்காகத்தான் மெனக்கெட்டார்கள்.

பயனும் இல்லாமல் போகவில்லை. 1988-இல் ஸ்டீஃபன் பார்க், கீத் மில்லர் இருவரும் கணினியில் தற்செயல் எண்கள் உண்டாக்க எளிய முறை ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். பார்த்தால் ஒழுங்கே தெரியாது. ஆனால் 1 முதல் 2147483646 வரை அத்தனை எண்களும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்துவிட்டுத்தான் மறுபடி 1 வரும். 16807 என்பது 7⁵. 7-க்கு இந்தக் குணம் உண்டு, 2-க்குக் கிடையாது. 2 முப்பத்தொன்றாவது அடியிலேயே வீடு திரும்பிவிடும், அதை மேலே பார்த்தோம். நீங்கள் எழுதிய நிரல் சரியா என்று பார்க்க, பத்தாயிரமாவது எண் 1043618065 வருகிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சரி, கடவுச்சொல் உண்டாக்க மட்டும் இதைத் தொடாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: ஏணியில் அடுத்த படி

31 தானே 2⁵ − 1. ஆக நம் எண் மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். இப்படி இரட்டை அடுக்கில் இதுவரை தெரிந்தவை நான்கே: 7, 127, நம் எண், பிறகு 2¹²⁷ − 1. அப்படியானால் நம் எண்ணையே அடுக்காக வைத்து, 2-ஐ 2147483647 தடவை பெருக்கி ஒன்று குறைத்தால்? அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதை 295257526626031 வகுத்துவிடுகிறது. இந்தத் திருடனும் விதியை மீறவில்லை. அவனிடமிருந்து ஒன்றைக் குறைத்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி 137490 வரும்.

உலக சாதனை எண்ணிடமும் இப்போது போகலாம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அது 2-இன் 136279841-வது அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தது. லூக் டுரான்ட் என்பவர் பலரும் சேர்ந்து தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் கண்டுபிடித்தார். எத்தனை இலக்கம் என்று அறிய அடுக்கை 0.30103-ஆல் பெருக்குங்கள், சுமார் 4 கோடியே 10 லட்சம் வரும். சரியான கணக்கு 41024320. கடைசி இலக்கம் என்ன? 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று நான்கில் சுற்றும். 136279841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2-இன் அந்த அடுக்கு 2-இல் முடியும், சாதனை எண் 1-இல் முடியும்.

பயிற்சிக்கு 2¹²⁷ − 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லூக்காஸ் 1876-இல் அதைப் பகா எண் என்று காட்டினார். 1951 வரை சாதனை அதனுடையது. இலக்கங்கள் எத்தனை, கடைசி இலக்கம் எது, திருடன் இருந்தால் அவன் 254-இன் மடங்கோடு 1 கூட்டி வருபவர்களில் எவனாக இருக்கலாம் என்று மூன்றையும் காகிதத்திலேயே எழுதுங்கள். முதலில் நிற்பது 255, அது 5-இல் முடிவதால் உடனே போய்விடும். 509, 763 இரண்டையும் 8-ஆல் வகுத்தால் மீதி 5, 3 என்று வருவதால் இரண்டாவது சல்லடையில் போய்விடும். அடுத்து 1017-ஐப் பாருங்கள்.